மாத்திரையா, பயிற்சியா, சூழல் மாற்றமா: வளர்ந்த வயதில் ஏடிஎச்டி தெரியவந்தவர் எதை முதலில் தொடங்குவது?

வளர்ந்த வயதில் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, இருப்பதாக உறுதிசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது மாத்திரை சாப்பிடலாமா வேண்டாமா என்பதைத்தான். கேள்வி நியாயமானது என்றாலும், அதை அப்படியே வைத்துக்கொண்டால் விடை பெரும்பாலும் மருந்தின் மீது அவருக்கு ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையையோ அச்சத்தையோ திரும்பச் சொல்வதாகவே முடிந்துவிடும். உண்மையில் அவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன: ஊக்கி வகை மருந்துகள், ஊக்கி அல்லாத மருந்துகள், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தனிப் பயிற்சியாளரின் துணை, வீட்டையும் வேலையிடத்தையும் மாற்றியமைத்துக்கொள்வது. எதை முதலில் தொடங்குவது, எதை எதன் மேல் கட்டுவது, எதை இப்போதைக்கு விட்டுவைப்பது என்பதையே அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவற்றை ஒப்பிடும்போது பலன், பக்கவிளைவு, செலவு ஆகியவற்றோடு இன்னோர் அளவுகோலையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு வழியைத் தொடர்ந்து கடைப்பிடிப்பதற்கு, இந்தக் கோளாறு எந்தத் திறனைக் குறைத்திருக்கிறதோ அந்தத் திறனே எவ்வளவு தேவைப்படுகிறது என்பதுதான் அது. நாள் தவறாமல் குறிப்பேடு எழுதுங்கள் என்று மறதியால் அவதிப்படுபவரிடம் சொல்வது, நீச்சல் பழகிய பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்வதைப் போன்றது. அறிவுரையில் பிழையில்லை, ஆனால் அதை நிறைவேற்ற வேண்டியவரிடம் அதற்கான முதல் இல்லை.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் கண்டறிதல் சரிதானா என்பதில் ஓரளவு உறுதி வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டின் வரையறைப்படி, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கவனக்குறைவு அல்லது மிகையியக்கப் பட்டியலில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவம் சந்தேகத்தை எழுப்பப் பயன்படுமே தவிர, அதுவே கண்டறிதல் ஆகாது. தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகிய மூன்றும் கவனத்தைச் சிதறடிக்கும். இருதுருவ மனநோயைத் தவறவிட்டு ஊக்கி மருந்தைத் தொடங்கினால் அது மனவெழுச்சி நிலையைத் தூண்டிவிடக்கூடும். அதனால் சிறுவயதுப் பள்ளி அறிக்கைகளையும் பெற்றோர், உடன்பிறந்தோர் நினைவுகளையும் கேட்காமல் அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் மருத்துவரோடு நிற்காமல், நான் இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்பேன்.

ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில், செய்ய வேண்டிய இடத்தில் அதைச் செய்ய முடியாமல் போவதே சிக்கல் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நீண்ட காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார். எந்த உதவியும் அந்தச் செயல் நடக்க வேண்டிய கணத்துக்கு அருகில் இருந்தால்தான் பலிக்கும் என்பது அதிலிருந்து வரும் முடிவு. வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசும் உதவிக்கும், காலை ஒன்பது மணிக்கு மேசை முன் உட்காரும்போது மூளைக்குள்ளேயே வேலை செய்யும் உதவிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்தக் கருத்து நன்றாக விளக்குகிறது.

ஊக்கி வகை மருந்துகள் புதியவை அல்ல. 1937-லேயே சார்ல்ஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தபோது அவர்கள் அமைதியாகப் படிக்கத் தொடங்கியதைப் பதிவு செய்தார். மெத்தில்ஃபெனிடேட் 1944-ல் லியாண்ட்ரோ பானிட்சோன் என்ற வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்தே ரிட்டாலின் என்ற வணிகப் பெயர் வந்தது. இந்த இரு குடும்பங்களும் மூளையில் டோபமைன், நார்அட்ரீனலின் ஆகிய நரம்புச் செய்திகடத்திகளின் அளவை உயர்த்துகின்றன. வேலை செய்யத் தொடங்க இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். உடனடியாகக் கரையும் மெத்தில்ஃபெனிடேட் மூன்று நான்கு மணி நேரமும், மெல்லக் கரையும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும்.

பலனைப் பொறுத்தவரை, 133 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2018-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான பகுப்பாய்வே இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. வளர்ந்தவர்களிடம் மருந்துப்போலியோடு, அதாவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு, ஒப்பிட்ட பலன் ஆம்ஃபெட்டமின் வகைக்கு 0.79 என்றும், மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 0.49 என்றும், ஊக்கி அல்லாத மருந்தான அட்டோமாக்ஸெட்டினுக்கு 0.45 என்றும் அதில் வந்தது; இந்த அளவுமுறையில் 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அந்த எண்கள் ஏறத்தாழ 12 வாரக் காலத்துக்கானவை, சராசரிகள். மெத்தில்ஃபெனிடேட் சற்றும் ஒத்துவராத ஒருவருக்கு ஆம்ஃபெட்டமின் வகை நன்றாக ஒத்துவரலாம், நேர்மாறாகவும் நடக்கலாம்; ஒன்று பயனளிக்காததைக் கொண்டு மருந்து என்ற வழியையே மூடிவிடுவது அவசரம்.

பக்கவிளைவுகளில் பசி குறைவதும், தூக்கம் தள்ளிப்போவதும், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று உயர்வதும் பொதுவானவை. முதல் இரண்டையும் நேரத்தையும் அளவையும் மாற்றிப் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்றாவதை அலட்சியம் செய்யக்கூடாது: ஸ்வீடனின் பதிவேடுகளைக் கொண்டு 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதய, ரத்தக் குழாய் நோய்களின் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம் கூடுவதாகவும், அது முக்கியமாக உயர் ரத்த அழுத்தத்திலும் தமனி நோய்களிலும் தெரிவதாகவும் 2023-ன் இறுதியில் வெளியிட்டது. அதே நாட்டின் பதிவேடுகள்தான் தராசின் மறு தட்டையும் நிரப்புகின்றன. ஏடிஎச்டி உள்ள ஆண்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் கடுமையான சாலை விபத்துகள் குறைந்திருந்ததை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. கண்டறிதலுக்குப் பின் மருந்து தொடங்கியவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்ததை 2024-ல் வெளியான இன்னொன்று காட்டியது. இவை தொடர்பைக் காட்டுபவை, காரணத்தை நிறுவுபவை அல்ல. இருந்தாலும் மருந்தின் அபாயத்தை மட்டும் எடைபோட்டு, சிகிச்சையின்றி இருப்பதன் அபாயத்தைச் சுழியமாக வைக்கும் வழக்கம் சரியில்லை என்பதற்கு இவை போதும்.

என் அளவுகோலில் ஊக்கி மருந்து நன்றாகவே தேறுகிறது. காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பலன் அன்றே தெரிவதால் அடுத்த நாளும் போட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பெரும்பாலான நாடுகளில் மருந்துச்சீட்டைக் குறித்த காலத்தில் புதுப்பித்தாக வேண்டும், முன்கூட்டிச் சேர்த்துவைக்க முடியாது, சில வகைகள் சில நாடுகளில் கிடைப்பதே இல்லை. தேதியை மறப்பதற்காகச் சிகிச்சை பெறுபவர் தேதியை மறந்ததால் சிகிச்சையை இழப்பது இந்த உலகில் அன்றாட நிகழ்ச்சி. புதுப்பிக்கும் நாளை மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் முன்பே நாட்காட்டியில் பதிந்துவிட வேண்டும், முடிந்தால் வீட்டில் இன்னொருவருடைய கைபேசியிலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை கவனத்தைக் கொடுக்கும், எதில் வைப்பது என்று சொல்லாது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் அந்தக் காலை நேரத்தில் ஒருவர் கைபேசியைக் கையில் எடுத்தால், அசைக்க முடியாத ஒருமுகத்தோடு மூன்று மணி நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். புத்தக அலமாரியை நிற வரிசைப்படி அடுக்கி முடித்துவிட்டு, கணக்கு அறிக்கை அப்படியே கிடப்பதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு.

ஊக்கி அல்லாதவற்றில் முதன்மையானது அட்டோமாக்ஸெட்டின். அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்றது. நார்அட்ரீனலின் மீள் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது இதன் வேலை. நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதும், பழக்கமாகி அடிமையாக்கும் அச்சம் இல்லாததும் இதன் சிறப்புகள்; போதைப் பொருள் பழக்கம் இருந்தவர், ஊக்கி மருந்தால் பதற்றம் கூடியவர், மாலையில் மருந்தின் பிடி தளர்ந்ததும் வீட்டில் பொறுமை இழப்பவர் ஆகியோருக்கு இது பொருந்தலாம். ஆனால் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள், சிலருக்குப் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். குமட்டலும் வாய் உலர்வும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை இன்று, நன்மை பிறகு என்ற இந்த ஏற்பாடு, உடனடிப் பலன் இல்லாத எதிலும் நிலைத்து நிற்க முடியாதவர்களுக்கு மிகக் கடினமானது. சோதனைகளில் இதை விட்டு விலகுபவர்கள் மருந்துப்போலியை விட்டு விலகுபவர்களைவிட அதிகமாக இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. தொடங்குபவர், மூன்று மாதம் வரை தீர்ப்புச் சொல்வதில்லை என்று மருத்துவரோடு முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இதன் அளவை ரத்தத்தில் உயர்த்தும் என்பதால், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்றதும் பலர் மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையை நினைத்துக்கொள்கிறார்கள். ஏடிஎச்டிக்கானது அதைவிடப் பட்டறைத்தன்மை கொண்டது: ஒரே ஒரு நாட்காட்டி, ஒரே ஒரு வேலைப் பட்டியல், பெரிய வேலையைக் கையில் அடங்கும் துண்டுகளாக்குவது, எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பது, தள்ளிப்போடும்போது மனம் சொல்லும் சாக்குகளை அடையாளம் காண்பது ஆகியவை அதில் அடங்கும். ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் 2010-ல் வெளியிட்ட சோதனையில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிஞ்சியிருந்த 86 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியும் தகவல் கல்வியும் தரப்பட்டன. அறிகுறி அளவையில் முன்னேறியவர்கள் முதல் குழுவில் 67 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். அதே ஆண்டு மேரி சோலான்டோ குழுவினர் 88 பேரைக் கொண்டு நடத்திய 12 வாரக் குழுச் சிகிச்சைச் சோதனையிலும், ஆதரவு தரும் பேச்சைவிட நேரத்தையும் வேலையையும் திட்டமிடும் பயிற்சியே மேலாக நின்றது.

சாஃப்ரன் சோதனையில் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். இந்தச் சிகிச்சை வீட்டுப்பாடத்தால் நடப்பது, வீட்டுப்பாடத்தைச் செய்ய வேண்டுமென்றால் அதை நினைவில் வைத்துத் தொடங்கியாக வேண்டும், அதற்குத்தானே சிகிச்சை? மருந்து தரும் குறைந்தபட்சப் பிடிமானத்தின் மேல் பயிற்சி நிற்கும்போது இந்தச் சுழல் உடைகிறது. 2025-ல் வெளியான, 113 சோதனைகளை உள்ளடக்கிய பகுப்பாய்வும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய செய்தியைத் தருகிறது. குறுகிய காலத்தில் நோயாளியும் மருத்துவரும் ஒருசேர முன்னேற்றம் என்று சொன்னவை ஊக்கி மருந்துகளும் அட்டோமாக்ஸெட்டினும் மட்டுமே. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் மருத்துவர் கண்ட முன்னேற்றத்தை நோயாளியின் சொந்த மதிப்பீடு உறுதிசெய்யவில்லை. சிகிச்சை அவசியமில்லை என்று இதைப் படிப்பவர்கள், அதே பகுப்பாய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: மருந்துகளும் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதாகக் காட்ட முடியவில்லை. அறிகுறி குறைவது ஒன்று, நாட்கள் நன்றாகக் கழிவது இன்னொன்று என்ற இந்த இடைவெளியைத்தான் பயிற்சியும் சூழலும் நிரப்ப வேண்டியிருக்கிறது.

மருந்தின்றிச் சிகிச்சையையே முதலில் எடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பத்தைத் திட்டமிடுபவர், இதய நோய் உள்ளவர், மருந்தை விரும்பாதவர் ஆகியோர் ஒரு வகை. மறதியைவிட அதைச் சுற்றி வளர்ந்த வெட்கமே பெரிதாகிவிட்டவர்கள் மற்றொரு வகை. திறக்காத கடிதங்களும், பதில் எழுதாத மின்னஞ்சல்களும், மூன்று மாதம் தாமதமாகிவிட்டதாலேயே இனிப் பேசவே முடியாது என்று ஒதுக்கிய நண்பர்களும் உள்ள ஒருவருக்கு மாத்திரை கவனத்தைக் கூர்மையாக்கினால், அந்தக் கூர்மை அந்தக் குவியலிலிருந்து விலகி ஓடவே பயன்படும்.

தனிப் பயிற்சியாளரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சோதனைகள் குறைவு. பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஒருவர் கேட்பார் என்ற எண்ணமே வேலையை நடத்திவைக்கிறது என்றால் அது உண்மையான உதவிதான், ஆனால் கட்டணம் நின்றதும் அதுவும் நின்றுவிடும். அதே பயனை, நண்பர் ஒருவர் காணொளி அழைப்பில் தன் வேலையைப் பார்த்தபடி உடன் இருப்பதிலேயே சிலர் பெற்றுக்கொள்கிறார்கள். உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் எல்லா வழிகளுக்கும் துணை. அவற்றை மட்டுமே சிகிச்சையாக நம்பியிருக்க முடியாது.

சூழல் மாற்றத்தைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்களுக்கு முதலில் சூழலை மாற்றிப் பார்க்கவும், அதன் பிறகும் வாழ்க்கையின் ஏதேனும் ஒரு துறையிலாவது குறிப்பிடத்தக்க பாதிப்பு நீடித்தால் மருந்து கொடுக்கவும் சொல்கிறது. வரிசை எனக்கு ஏற்புடையதே, ஒரு நிபந்தனையோடு: ஒருமுறை செய்து முடித்தால் தானே இயங்கும் மாற்றங்களையும், நாள்தோறும் பராமரிக்க வேண்டிய மாற்றங்களையும் ஒரே கூடையில் போடக்கூடாது. கட்டணங்களை வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செலுத்த ஏற்பாடு செய்வது, வாசற்கதவுக்கு அருகில் சாவிக்கு ஓர் ஆணி அடிப்பது, மின்னேற்றியில் ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பையிலும் நிரந்தரமாக வைப்பது, உள்ளே இருப்பது தெரியும்படியான பெட்டிகளுக்கு மாறுவது, ஒவ்வோர் அறையிலும் முள் கடிகாரம் மாட்டுவது ஆகியவை முதல் வகை. இவை உங்களிடம் மறுபடி எதையும் கேட்பதில்லை. வண்ணக் குறியீடு இட்ட திட்டமிடு ஏடு, ஐந்து படி உள்ள காலை நடைமுறை, புதிய செயலி ஆகியவை இரண்டாவது வகை. புதிய செயலி தரும் உற்சாகம் இரண்டு வாரம் இருக்கும். அந்த உற்சாகத்தை மருத்துவப் பலன் என்று எடுத்துக்கொண்டு என் கைபேசியில் நான் சேர்த்த செயலிகளின் எண்ணிக்கையை இங்கே எழுத விரும்பவில்லை.

நாள்தோறும் செய்தே ஆக வேண்டியவற்றுக்கு, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து முன்வைத்த "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற வடிவம் உதவும். "இன்று அறிக்கையை முடிப்பேன்" என்பதில் ஒரு பிடிப்பும் இல்லை. "தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்ததும் அறிக்கைக் கோப்பைத் திறப்பேன்" என்பதில் நினைவூட்டும் பொறுப்பைக் கோப்பை ஏற்றுக்கொள்கிறது.

ஆக, யாருக்கு எது முதலில்? வேலை போகும் நிலையில் இருப்பவர், வாகனம் ஓட்டும்போது கவனம் தவறிப் பலமுறை மயிரிழையில் தப்பியவர் ஆகியோருக்கு மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க அவகாசமில்லை. உடல்நிலை இடம் கொடுத்தால் அவர்கள் ஊக்கி மருந்தில் தொடங்கி, அது பிடிகொண்ட வாரங்களிலேயே, ஒருமுறை செய்தால் தானே இயங்கும் சூழல் மாற்றங்களைச் செய்துமுடிப்பது நல்லது. அலுவலகத்தில் சமாளித்துவிட்டு மாலையில் வீட்டில் சிதறுபவர், காலை எட்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும் மாத்திரையால் குடும்பத்துக்கு எந்தப் பலனும் இல்லை என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, நீண்ட நேரம் தாங்கும் வகையையோ அட்டோமாக்ஸெட்டினையோ பேச வேண்டும். பாதிப்பு மிதமானது, ஒன்றிரண்டு இடங்களில்தான் இடறுகிறது என்பவர், சூழல் மாற்றத்தை மட்டும் இரண்டு மாதம் முயன்று பார்ப்பதில் இழப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் அதைத் தனியாகத் திட்டமிடாமல், ஒழுங்கில் கைதேர்ந்த ஒருவரோடு ஒரே பிற்பகலில் செய்து முடிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், ஒரே வாரத்தில் மருந்தையும் செயலியையும் தூக்க நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. தாமதமாகச் சென்ற நாட்கள், தவறிய கெடுக்கள், வீட்டில் எழுந்த வாக்குவாதங்கள் என்று எண்ணக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை உடன் வாழ்பவர் எழுதுவது இன்னும் நம்பகமானது, ஏனெனில் மருந்து எடுப்பவருக்குத் தெரியும் முன்பே அவருக்குத்தான் வேறுபாடு தெரிகிறது. பலிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் முன் கொடுக்க வேண்டிய அவகாசம், ஊக்கி மருந்து ஒன்றுக்கு, அளவைச் சரியாக உயர்த்தியபின், ஆறு வாரம். அட்டோமாக்ஸெட்டினுக்கு மூன்று மாதம். சிகிச்சைக்குப் பன்னிரண்டு அமர்வுகள். மருந்து தொடர்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு மறுபரிசீலனை வேண்டும். அப்போது மருத்துவரின் மேற்பார்வையில் சில நாட்கள் நிறுத்தி, இன்னும் தேவைப்படுகிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி. அந்த நாட்களைப் புதிய வேலையில் சேரும் மாதத்திலோ நீண்ட வாகனப் பயணத்தின்போதோ வைத்துக்கொள்ளாமல், முந்தைய வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏதுவான சாதாரண வாரம் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும்.